ஆடிப்பெருக்கன்று ஆர்டர் முந்திக்கொண்டது

போன வாரம் ஆடிப்பெருக்கு. முப்பது, நாற்பது ஏஜென்ட்டுகள் வேடிக்கை பார்க்க, மானம் கப்பலேறத் தயாராக நின்றேன்.

இந்தப் பத்தியைத் தவிர எனக்கு இன்னொரு பிழைப்பும் உண்டு. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனிக்கு வெப்சைட் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஏஜென்ட்டுகள் இனி ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். போனிலேயே டிசைன் பார்த்து ஆர்டர் போடலாம். வருஷா வருஷம் ஆடிப்பெருக்கில்தான் புது ஆல்பத்துக்குப் பூஜை. "வெப்சைட்டையும் அதே நல்ல நேரத்துல ஆன் பண்ணிருவோம். சொதப்புச்சுன்னா பழையபடி போன் ஆர்டரே போதும் தம்பி, இந்த வம்பே வேணாம்" என்றார் முதலாளி. எட்டு மாச உழைப்பு சார்!

கம்பெனியில் ஒரு சட்டம். ஸ்டெல்லா அக்காவின் சிவப்பு மைக் கையெழுத்து விழாமல் எதுவும் மெஷின் ஏறாது. டீச்சர் வேலையை விட்டுவிட்டு ப்ரூஃப் பார்க்க வந்தவர். காலண்டர் சீசன் இல்லாத மாதங்களில் அங்கே கல்யாணப் பத்திரிகை அடிப்பார்கள். தாய்மாமன் பெயர் ஒரு வரி கீழே இறங்கியதற்காகக் கட்டுக் கட்டாகப் பத்திரிகை திரும்பி வந்திருக்கிறது... அதனால் அக்காவின் கண் முதலில் பெயர் வரிசையில்தான் போய் நிற்கும்.

வெப்சைட்டுக்கும் அந்தக் கையெழுத்து வேண்டும் என்றார் முதலாளி. எல்லாப் பக்கங்களையும் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். கம்பெனி முகவரி அதில் இருந்ததால் கான்ஃபிக் ஃபைலும் சேர்ந்து போனது.

அது என்ன என்கிறீர்களா? வெப்சைட் கட்ட வெப் ஃப்ரேம்வொர்க் என்று ஒரு ரெடிமேட் அஸ்திவாரம் உண்டு. அதன் மேல் நமக்கு வேண்டிய மாட்யூல்களை — ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக எழுதிய பகுதிகளை — ஏற்றிக்கொள்ள வேண்டும். எதையெல்லாம் ஏற்றுவது என்ற பட்டியல் கான்ஃபிக் ஃபைலில் இருக்கும். என் பட்டியல்: டேட்டாபேஸ், லாகின், ஆல்பம், ஆர்டர்.

ஒவ்வொன்றும் என்ன என்று அக்காவுக்குச் சொன்னேன்; டேட்டாபேஸ், எல்லாத் தகவலையும் உள்ளே சேமித்து வைக்கும் கிடங்கு. அக்கா பட்டியலில் பேனாவை வைத்துக் கேட்டார். "தம்பி, இதுல யாரு மூத்தவுக?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்ப்யூட்டர்ல ஏதுக்கா மூப்பு? எல்லாரும் சமம்!"

"அப்ப ஆர்டரை மேல ஏத்துங்க. அதுதான கம்பெனிக்குச் சோறு போடுது. டேட்டாபேஸு உள்ளுக்குள்ளயே இருக்கிற ஆளுன்னீக... கடைசியில நிக்கட்டும்."

விளக்கிச் சொல்லச் சோம்பல். அப்படியே மாற்றினேன். சோதனைக்காக ஏற்கெனவே ஆன் செய்திருந்த சைட் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து மாட்யூல்களை வரிசைப்படி ஏற்றுவது சைட்டைப் புதிதாக ஆன் செய்யும்போது மட்டும்தான். அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஆடிப்பெருக்கன்று காலை தேங்காய் உடைத்தார்கள். ஓடிக்கொண்டிருந்த சைட்டை நிறுத்திவிட்டு, முதலாளி கையாலேயே ஆன் செய்ய வைத்தேன். திரை முழுக்க சிவப்பு எழுத்து! பின்னாலிருந்து ஒரு ஏஜென்ட், "ஏலே, திரி நமுத்துப்போச்சுலே" என்றார். ஒரே சிரிப்பு. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

நல்ல நேரம் முடியப் பன்னிரண்டு நிமிஷம். கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாமா? வழியே இல்லை — அந்த நேரத்தைத் தினசரி காலண்டர் தாளில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்ததே இந்தக் கம்பெனிதான்!

நெட்டைத் திட்டினேன். சர்வரைத் திட்டினேன். சட்டை நனைந்துவிட்டது. ஸ்டெல்லா அக்கா பக்கத்தில் வந்து, "என்ன சொல்லுது தம்பி?" என்றார்.

"ஆர்டர் மாட்யூல் முதல் ஆளா எந்திரிச்சு டேட்டாபேஸைத் தேடுதுக்கா. அது இன்னும் வரலைன்னு..."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அக்காவுக்கு அதற்கும் முன்பே.

"அன்னைக்கு மெனக்கெட்டுக் கேட்டேன்ல, யாரு மூத்தவுகன்னு? சமம்னுட்டீக! ஒருத்தர் வந்தாத்தான் அடுத்தவர் வரமுடியும்னா, அது என்ன சமம்?"

பழைய வரிசையை அவசரமாக அடித்தேன். நாலு நிமிஷம் பாக்கி இருக்கையில் முதலாளி மறுபடி அமுக்கினார். ஆல்பம் விரிந்தது! சாத்தூர் ஏஜென்ட் அங்கேயே நின்றபடி, இருக்கன்குடி மாரியம்மன் படம் போட்டது ஐந்நூறு என்று முதல் ஆர்டரைத் தட்டினார். முதலாளி என் கையில் ஒரு மூடித் தேங்காயைக் கொடுத்தார். வெட்கமாகத்தான் இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகம்.

யோசித்துப் பார்த்தால், தெரியாதவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். தெரிந்த நான்தான் சிரித்தேன். எத்தனை ஆபீஸில் எத்தனை மீட்டிங்கில் இது நடக்கிறதோ...

இப்போது அந்த ஃபைலின் தலையில் ஒரு குறிப்பு இருக்கிறது: "வரிசையை மாற்றுமுன் ஸ்டெல்லா அக்காவிடம் கையெழுத்து வாங்கவும்."