கப்பல் வேற, கரை வேற

கனகம் போய்ட்டா.

காலைல அவ பையன் போன் பண்ணான். "ஆன்ட்டி, அம்மா தூக்கத்துலயே..."ன்னான்.

திருவள்ளூர் போய் பாத்துட்டு இப்ப தான் வூட்டுக்கு வந்தேன். தப்பா டைப் பண்ணியிருந்தா பொறுத்துக்கோங்க.

நேத்து சாயங்காலம் கூட பேசினா. "ரோசி, ஸ்வெட்டர் எடுத்துக்கணுமா? கப்பல்ல ஏசி ஜாஸ்தியாமே"ன்னு கேட்டா. அடுத்த மாசம் நாங்க ரெண்டு பேரும் க்ரூஸ் போறோம். போறதா இருந்தோம்...

கனகம் யாருன்னு இங்க நெறைய பேருக்குத் தெரியாது. திருவள்ளூர்ல கோயில் கைங்கரியம் பண்ற ஐயங்கார் குடும்பம். நான் கும்மிடிப்பூண்டி சர்ச் தெரு. இவங்களுக்குள்ள இன்னா சம்பந்தம்னு கேப்பீங்க. ஒரு சாப்பாட்டு டேபிள். அவ்ளோ தான்.

அது ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எழுபத்தி மூணோ நாலோ. எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. எங்க வூட்டுக்காரரோட அண்ணன் போர்ட் பிளேர்ல வேலைல இருந்தார். சுத்திப் பாக்க வாங்கன்னாரு, மெட்ராஸ்ல கப்பல் ஏறிட்டோம்.

டைனிங் ஹால்ல மொத வேளை எந்த டேபிள்ல உக்கார வெக்கிறாங்களோ, எறங்கற வரைக்கும் அதே டேபிள், அதே மூஞ்சிங்க தான். எங்களுக்கு எதிர்ல கனகமும் அவ வூட்டுக்காரரும்.

ஆம்பளைங்க ரெண்டு பேரும் துறைமுகம் தாண்டினதுமே வாந்தி. படுக்கைய விட்டு எழுந்திரிக்கல. மிச்சம் நாங்க ரெண்டு பேரு.

நான் மீன் வறுவல வெச்சி ஒரு வெட்டு வெட்டிக்கினு இருப்பேன். எதிர்ல அவ ஒரு வாழைப்பழத்தோட உக்காந்திருப்பா. கப்பல் சாப்பாடு அவங்களுக்கு ஆகாது. புளியோதரை, தயிர்சாதம்னு மூணு நாளைக்கு டின்ல கட்டிக்கினு வந்திருந்தாங்க. கப்பல் ஒரு நாள் லேட்டா கெளம்புச்சு. சூட்டோட அடைச்ச சோறு... தொறந்தா ஒரே நாத்தம். அப்படியே கடல்ல கொட்டிட்டாங்க.

"அப்புறம் எதுக்குமா டேபிளுக்கு வர்ற?"ன்னு கேட்டேன். "ரூம்ல அவர் முனகிண்டே இருக்கார். இங்க நீயாவது பேசறியே"ன்னா.

அடுத்த நாள் வாழைப்பழத்த உரிக்கக்கூட அவ கைல தெம்பு இல்ல. எனக்கு கோவம் வந்துடுச்சு. கிச்சன்ல ஆரணிக்காரர் ஒருத்தர் இருந்தார். "நைனா, வெறும் சாதமும் தயிரும் குடு"ன்னு வாங்கியாந்து அவ முன்னாடி வெச்சேன். "சாவப் போறியா? சாப்டு"ன்னேன்.

தட்டயே பாத்துக்கினு இருந்தா. "அடுத்தவா பார்க்க சாப்பிடப்படாது"ன்னா. அவங்க வழக்கம் அது. பேஜாரா போச்சு எனக்கு.

எழுந்து நின்னு என் முந்தானைய விரிச்சு டேபிளுக்குக் குறுக்க திரை மாதிரி புடிச்சேன். ஹாலே திரும்பிப் பாக்குது. "நீயும் பாக்காதே"ன்னா. சரி தாயேன்னு கடல் பக்கம் திரும்பிக்கினேன்.

முதுகுக்குப் பின்னால தட்டுல கை படற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மெதுவா, "ரோசி... இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?"

மீன் வறுக்கற அதே அடுப்பு தான். அவளுக்கும் மூக்கு இருக்குல்ல. அவ கேக்கல, நானும் சொல்லல. "எங்காத்துல யாருக்கும் தெரியப்படாது"ன்னா. இத்தன வருஷம் நான் வாயத் தொறக்கல.

மிச்ச நாளெல்லாம் வேளா வேளைக்கு என் முந்தானை தான். அந்தமான்ல இன்னா பாத்தேன்னு கேட்டா உருப்படியா ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஜெயில் பாத்தோம். ஏதோ ஒரு பீச்...

ஊருக்கு வந்தப்புறமும் சென்ட்ரல்ல வண்டி மாறி எங்க வூட்டுக்கு வருவா. மணிக்கணக்கா பேசுவா. ஆனா ஒரு வாய் தண்ணி தொட மாட்டா, பாட்டில் கையோட கொண்டாருவா. "கப்பல்ல மட்டும் எறங்குச்சா?"ன்னு கேப்பேன். "கப்பல் வேற, கரை வேறடீ"ன்னு சிரிப்பா.

நானும் சிரிப்பேன். சில நாள் நெஜமாவே வலிக்கும். அத அவ கிட்டயே சொல்லியிருக்கேன்.

போன மாசம் க்ரூஸ் விளம்பரம் பாத்துட்டு அவளே போன் பண்ணா. "போலாமா ரோசி? உன்கூட ஒரு தடவை எதிர்ல உக்காந்து சாப்பிடணும். திரையெல்லாம் வேண்டாம்"ன்னா. பையன் சரின்னுட்டான்னு சொன்னா. போன வெச்சிட்டு அழுதுட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே டேபிள் வேணும்னு சொல்லி புக் பண்ணேன்.

இன்னிக்கி அவ பையன் கிட்ட, கப்பல் டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன்பான்னு சொன்னேன். முழிக்கிறான். அவன் கிட்ட அவ மூச்சே வுடல.

"என்ன சொல்றேள் ஆன்ட்டி? அம்மா வெளில பச்சத்தண்ணி கூட தொட மாட்டாளே. கப்பல்ல போய் என்ன சாப்பிட்டிருப்பா?"ன்னு கேட்டான்.

முந்தானையால மூஞ்சியத் தொடச்சிக்கினு கெளம்பி வந்துட்டேன்.

போய்ட்டு வா, கனகம்.