இபுகி கத்திய சொற்கள்

முப்பத்தோரு வருடம் ஒருவர் தொண்டை கிழியக் கத்துகிறார், அதில் ஒரு சொல்கூட எவருக்கும் விளங்கவில்லை என்றால், அவர் யாரிடமாவது பேசினார் என்று சொல்லலாமா?

நாகஓகா ஊரில் டயர் கடை வைத்திருந்த செகினேவுக்கு இந்தக் கேள்வி தாமதமாகத்தான் வந்தது. ஹைமிசோரே என்ற பிளாக் மெட்டல் எனும் முரட்டு ராக் இசைக் குழுவில் அத்தனை வருடமும் டிரம்ஸ் அடித்தவர் அவர். பாடகர் இபுகி அவருக்கு முன்னால் நின்று கத்துவார். மேடையில் செகினே பார்த்ததெல்லாம் இபுகியின் முதுகைத்தான்.

இபுகிக்குப் பிழைப்பு, பள்ளிகளுக்கு மதிய உணவு அனுப்பும் நகராட்சிச் சமையல்கூடத்தில். தினமும் மூவாயிரம் பிள்ளைகளுக்கு மிசோ சூப் வைப்பார். படகுத் துடுப்பு அளவு கரண்டி. ஞாயிறு கச்சேரிக்கு முகமெல்லாம் வெள்ளையும் கறுப்பும் பூசினால் திங்கள் காலை சுத்தப் பரிசோதனையில் மாட்டிக்கொள்வார். "இபுகி சான், காதுக்குப் பின்னால மறுபடி கறுப்பு," என்பார் மேற்பார்வை அம்மாள். அவர் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கழுவப் போவார்.

பகலில் அடக்கி வைத்ததை மேடையில் கொட்டுகிறார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். செகினே அதை நம்பவில்லை. எதையோ அடக்கிக்கொண்டிருப்பவர் வெங்காயம் நறுக்கும்போது அவ்வளவு நிம்மதியாக இருக்க முடியாது.

முந்தைய ஆல்பத்துக்குப் பதினோரு வருடம் கழித்து ஒரு புதிய ஆல்பம் பதிவு செய்தார்கள். எட்டுப் பாடல்கள். நவம்பரில், ஊரே பனிக்கால டயருக்கு வரிசையில் நிற்கும் வாரத்தில், இபுகியும் தன் காரைக் கொண்டுவந்திருந்தார். அப்போது டோக்கியோவிலிருந்து வெளியீட்டு நிறுவனத்து மிசுகோஷி அழைத்தாள். செகினே போனை ஸ்பீக்கரில் போட்டு டயர் அடுக்கின் மேல் வைத்தார்.

"பாட்டு வரித் தாள் இன்னும் வரலை இபுகி சான். அது இல்லாம இங்க எந்த சிடி வந்திருக்கு?"

"எங்களோட பழைய நாலும் அப்படித்தான் வந்துச்சு."

"அது உங்க பழைய கம்பெனி. எங்க சிடியைப் பிரிக்கிறவங்க முதல்ல அந்தத் தாளைத்தான் எடுப்பாங்க."

"வரி இல்லையே, மிசுகோஷி சான்."

"இல்லாம எப்படிப் பாடினீங்க?"

"பாடினப்போ இருந்துச்சு."

அவள் பெருமூச்சு விட்டு வைத்துவிட்டாள். செகினே ஸ்பேனரைக் கீழே போட்டார். "என்னடா சொல்ற? எங்க போச்சு?"

"சமையல்கூடத்துல ஒவ்வொரு நாளும் சமைச்சதுல அம்பது கிராம் எடுத்து ஃப்ரீசர்ல வைப்போம். ரெண்டு வாரம். எந்தப் பிள்ளைக்கும் வயித்து வலி வரலைன்னா தூக்கிப் போட்டுருவோம். வரிகளையும் நான் அப்படித்தான் வெச்சுக்குவேன். பதிவு முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு."

"எனக்கு வயித்து வலிடா."

"உனக்கா? நீ டயரைத் தின்னாலும் செரிக்கும்."

செகினே சிரிக்கவில்லை. வலது காது போன வருடமே போய்விட்டது. "இடதும் வசந்தத்துக்கு மேல தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெளியீட்டுக் கச்சேரியோட நான் நிறுத்திக்கிறேன். கடைசிப் பாட்டுல நீ என்ன கத்துறேன்னு அதையாவது சொல்லு. காது இருந்தப்போ கேக்காம விட்டுட்டேன்."

இபுகி பனிக்கால டயரின் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நட்டெல்லாம் முறுக்கிட்டியா?" என்று கேட்டார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரியில் சிடி வந்தது. உள்ளே தாளும் இருந்தது. எட்டுத் தலைப்புகள், ஒவ்வொன்றின் கீழும் வெற்றிடம். வெறுமையைப் பற்றிய ஆழ்ந்த கூற்று இது என்று ஒரு பத்திரிகை எழுதியது. செகினே அதைப் படித்துவிட்டுப் பத்திரிகையைக் கை துடைக்கும் துணிகளோடு போட்டார். ஆல்பத்தில் இரண்டு பாடல்கள் வீணாக நீள்கின்றன, ஒன்று பழையதன் நகல் என்பது அவர் எண்ணம். எட்டாவதை மட்டும் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கச்சேரி மார்ச்சில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அடித்தளத்து அரங்கில் நூற்றிருபது பேர், எல்லார் காலணியிலும் உருகிய பனி. ஏழு பாடல்கள் வழக்கம்போலப் போயின. தாளம் செகினேவின் காதில் ஏறவில்லை, கைப்பழக்கத்தில்தான் அடித்தார்.

எட்டாவது தொடங்கியதும் இபுகி மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவினார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, டிரம்ஸுக்கு நேர் எதிரே வந்து நின்றார். மைக் வாயை மறைக்காதபடி அதை மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டார். வெள்ளைப் பூச்சின் நடுவே கறுத்த உதடுகள் ஒவ்வொரு சொல்லுக்கும் முழுதாகத் திறந்து, முழுதாக மூடின. எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் செகினே அன்று இமைக்கவில்லை. ஒன்பது நிமிடப் பாடல். முடியும்வரை இபுகி கூட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

அது என்ன சடங்கு என்று ரசிகர்கள் பல வருடம் அவரிடம் கேட்டுப் பார்த்தார்கள். அவர் சொல்லவில்லை. செகினே கேட்கவில்லை.