ஊதாமல் கடந்த தெரு

தை மாதம், அறுவடை தொடங்கிய வாரம். காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூரில் நாகப்பட்டினம் பேருந்தில் ஏறினேன். கட்டணம் மூன்று ரூபாய்.

"பெட்டியில என்ன சார், பாம்பா?" என்றார் நடத்துநர்.

"கிளாரினெட்."

"மகுடிதானே, வச்சுக்குங்க."

சென்னை ஓட்டல் ஒன்றில் வாசிக்கும் எங்கள் ஜாஸ் குழுவுக்கு மெட்டமைப்பவர் நண்பர் பெலிக்ஸ். வானொலியில் வந்த அவருடைய மெட்டு ஒன்றை இந்தப் பக்கத்துப் பேண்டு செட்டுகள் ஊதுவதாகக் கேள்விப்பட்டு, கேட்டுவரச் சொல்லியிருந்தார்.

பத்து மணிக்கு நாகப்பட்டினத்தில் ஒரு முஸ்லிம் வீட்டு மாப்பிள்ளை ஊர்வலத்தில் அதைக் கேட்டேன். மெட்டு விரைந்து நடந்தது. பெலிக்ஸ் உருகி எழுதிய நடுப்பகுதி வந்ததும் எல்லாரும் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேளக்காரர் மட்டும் விளிம்பில் தட்டியபடி வெகுதூரம் நடந்தார். பிறகு மறுபடி ஊதினார்கள்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்று பேண்டு மாஸ்டரிடம் கேட்டேன்.

"பாட்டே அப்படித்தாங்க. கீவளூர் செல்லையன் செட்டு ஊதுறப்ப கேட்டுப் புடிச்சது. அவங்க நிறுத்துவாங்க, நாங்களும் நிறுத்துவோம்."

பெலிக்ஸின் தாளில் அப்படி ஓர் இடமே இல்லை.

மதியம் கீவளூரில் இறங்கி, வாய்க்கால் கரையோடு மூன்று மைல் நடந்தேன். செல்லையனுக்கு நாற்பது வயதிருக்கும். பகலில் அறுப்பு, விசேஷங்களுக்குக் கிளாரினெட். சேரியில் தன் குடிசை வாசலில் உட்கார்ந்து, கிளாரினெட்டின் ஊதுவாயில் பொருத்தும் ரீடை எச்சிலால் நனைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"பஞ்சாயத்து ரேடியோவுல முழுசாத்தான் கேட்டேன். மிராசுதார் தெருவுல எங்க ஆளுக ஊதக்கூடாதுங்க. கோயில் விசேஷத்துக்குப் போறப்ப, பாட்டுல அந்த இடம் வர்றப்பதான் அந்தத் தெரு வரும், வாயை எடுத்துருவோம். வெளியூர்க்காரங்க அதையும் பாட்டுன்னு நெனச்சுப் புடிச்சுட்டாங்க."

அன்று நான்கு மணிக்குக் கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி ஊர்வலம். அதே தெரு வழியாகத்தான். இம்முறை நிறுத்துவதில்லை என்று செல்லையன் முடிவெடுத்திருந்தார்.

"நாளைக்கு அறுப்புக்கு யாரு கூப்புடுவா மாமா?" என்றான் அவர் செட்டின் டிரம்பெட்காரன். "ஆளு வச்சு அடிச்சாலும் அடிப்பாங்க."

அடுப்படியிலிருந்து செல்லையனின் மனைவி அஞ்சலை குரல் கொடுத்தாள்: "நீங்க வாயை மூடுனீங்க, நாகப்பட்டினம் வரைக்கும் மூடிக்கிட்டாங்க. இன்னும் எத்தன ஊரு மூடணும்?"

நடுப்பகுதியை நான் வாசித்துக் காட்டட்டுமா என்று பெட்டியைத் திறந்தேன். செல்லையன் கையமர்த்தினார்.

"அது அவரோட ஊதல், நல்லாத்தான் இருக்கும். இந்தத் தெருவுக்கு நான் ஒண்ணு வச்சிருக்கேங்க. இத்தன வருசமா மனசுக்குள்ளயே ஊதிக்கிட்டு நடந்திருக்கேன்."

நான்கு மணிக்குப் புறப்பட்டோம். தெருமுனையில் பழக்கத்தில் எல்லார் கைகளும் தாழ்ந்தன. மாடிவீட்டு வாசலில் தடியோடு ஏழெட்டுப் பேர். செல்லையன் ஊதினார்; முதல் சுரம் கீச்சிட்டது. தடிக்காரர்களில் ஒருவன், "ஊதத் தெரியாதவனுக்கு ஊர்வலமாடா?" என்றான். செல்லையன் நின்றார். ரீடைச் சரிசெய்து, தொடக்கத்திலிருந்து ஊதினார். பெலிக்ஸின் மெட்டில் புறப்பட்டு, நான் கேட்டறியாத ஒரு வழியில் ஏறியது அது. மற்றவர்களுக்கு அது தெரியாது. மேளமும் காலடிகளும் மட்டும் கூடப்போயின. தடிக்காரர்கள் வாசல்படி இறங்கி வழியை மறித்தார்கள். ஊர்வலம் நிற்கவில்லை. மறித்தவர்கள்தான் விலகினார்கள்.

தெரு முடிந்ததும் டிரம்பெட்காரன், "மாமா, திரும்பிப் போறப்ப நானும் சேந்துக்கிறேன், ஒருதரம் சொல்லிக்குடு" என்றான். வாய்க்கால் மதகில் நின்று சொல்லிக்கொடுத்தார். வயல்வழி இருந்தும், அதே தெரு வழியாகவே எல்லாரும் திரும்பினார்கள்.

சென்னையில் நாங்கள் பெலிக்ஸின் மெட்டை வாசிக்கும்போது விருந்தினர்கள் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். திரும்பும்போது அந்தத் தெருவில், இரண்டு பக்கமும் கதவுகள் திறந்திருந்தும், ஒருவர்கூடப் பேசவில்லை.