ஏர்போர்ட் வரைக்கும்

நான் கார் ஓட்டுகிறேன். சார் புதுக் கம்பெனிகளில் பணம் போடுகிறவர். ஆபீஸ் ஆழ்வார்பேட்டையில். உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் கிடையாது. பணம் கேட்டு வருகிறவர்களை வண்டியிலேயே ஏற்றிக்கொள்வார். மீனம்பாக்கம் போய்ச் சேருவதற்குள் அவர்கள் தங்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்லி முடிக்க வேண்டும். சார் இறங்கி உள்ளே போய்விடுவார். அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை.

ஆரம்பத்தில் வந்தவர்கள் வயதானவர்கள். முழுக்கைச் சட்டை, மடியில் ஃபைல். பேங்க்கில் லோன் கேட்கப் போனது போல ஓரமாக உட்காருவார்கள். அப்புறம் பனியன் மாதிரிச் சட்டை போட்ட பையன்கள் வந்தார்கள். எல்லாம் போனுக்குள் என்றார்கள். சாப்பாடு, மருந்து, டியூஷன், இஸ்திரி. ஒரு சமயம் கிண்டி வருவதற்குள் சார் கை குலுக்கிவிடுவார். கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. பிறகு நின்றுபோனது. அமெரிக்காவில் வட்டி ஏறிவிட்டது என்று போனில் பேசினார். அங்கே ஏறினால் இங்கே ஏன் நிற்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. நின்றது மட்டும் தெரிந்தது.

நின்ற பிறகும் யாரிடமும் முடியாது என்று சொல்ல மாட்டார். "நல்லா இருக்கு. அடுத்த மாச நம்பர்ஸ் அனுப்புங்க. டச்ல இருப்போம்" என்பார். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்பார்களே, அது மாதிரி. ஒருநாள் சிநேகிதரிடம் போனில் சொன்னார்: "முடியாதுன்னு ஏன்யா வாயால சொல்லணும்? நாளைக்கே அவன் பெரிய ஆளாயிட்டா நம்ம பணத்த உள்ள விடுவானா?"

வண்டியில் ஆள் இல்லாதபோது எனக்குப் பின்னால் குரல் கேட்கும். ஒரு குரல் இல்லை. "நாங்க பெருசா வருவோம் சார்" என்று வந்து போன எல்லாரும் சொன்னது. ஏசி சத்தம் என்று நினைத்துக்கொள்வேன். ஏசியை அணைத்தாலும் கேட்கும்.

ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் ஒருவர் நிற்பார். பிள்ளைகளுக்குப் போனில் பாடம் சொல்லித் தரும் கம்பெனி நடத்தியவர். அவரிடமும் சார் நல்லா இருக்கு என்றுதான் சொன்னார். பதில் வரும் என்று காத்திருந்தார். வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கம்பெனியும் போனது. அவர் காத்திருப்பது மட்டும் நிற்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில் தினமும் வருவார். சார் அவரைத் தாண்டித்தான் போவார். அடையாளம் தெரியாது.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தால், "இன்னா நைனா, மாப்ள வூட்ல இன்னும் லெட்டர் போடலியா? ஆளு நின்னுகினே கீறாரு பாரு" என்பார்.

"சும்மா இரு மாமா" என்பேன்.

அந்தப் பெண் வந்தது ஒரு மத்தியானம். மயிலாப்பூர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க இங்கே தனியாகக் கிடக்கும் வயதானவர்கள் வீட்டுக்குத் துணைக்குப் பெண்களை அனுப்பும் கம்பெனி. படபடவென்று சொல்லி முடித்தது. சார் வழக்கமானதைச் சொல்லிவிட்டு இறங்கினார்.

திரும்பி வரும் வழியில், கத்திப்பாரா பாலம் இறங்கும்போது பேச்சுக் கொடுத்தது.

"அண்ணா, நல்லா இருக்குன்னு சார் சொன்னாரே, கேட்டேளா?"

"கேட்டேம்மா."

"அப்போ போடுவார்னுதானே?"

"எனக்கு இன்னாம்மா தெரியும். வண்டி ஓட்றவன்."

சைதாப்பேட்டை தாண்டி மறுபடி ஆரம்பித்தது. "கொட்டிவாக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி எங்க பொண்களை மொத்தமா வேலைக்கு எடுத்துக்கறேங்கறா. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். நான்தான் போகாதேங்கோ, பணம் வந்துடும்னு பிடிச்சு வச்சுண்டிருக்கேன். சார் இப்படிச் சொன்னவாளுக்கெல்லாம் அப்புறம் என்ன ஆச்சு?"

நந்தனம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. கண்ணாடியில் அதன் முகத்தைப் பார்த்தேன். என் சின்னப் பெண் வயது இருக்கும்.

"ஆபீஸ் வரட்டும்மா" என்றேன்.

அதன் ஸ்கூட்டர் ஆபீஸ் வாசலில் நின்றது. வண்டியை ஓரம் கட்டினேன். எதிர்ப்பக்கம் அந்தக் காத்திருக்கிறவர் டீக்கடைப் பெஞ்சிலிருந்து எழுந்தார். காலரைச் சரி செய்துகொண்டார். தலையைக் கையால் வாரினார். பின்கதவு திறந்ததும் ரோட்டில் காலை வைத்துவிட்டார். இறங்கியது சார் இல்லை என்று பார்த்ததும் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"யாருண்ணா அவர்?"

"உனக்கு முன்னால இந்த சீட்ல வந்தவரும்மா. சார் நல்லா கீதுன்னு சொன்னாரு."

"எப்போ?"

"ரெண்டு மழைக்காலம் போயிடுச்சு."

திறந்த கதவைப் பிடித்துக்கொண்டே நின்றது. பிறகு உள்ளே உட்கார்ந்து போனை எடுத்தது.

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு சரின்னு சொல்லிடுங்கோ. எல்லாரும். ஆமா, நீங்களும்தான்." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்லக்கா, அவர் வேணாம்னு சொல்லல. ஒண்ணுமே சொல்லல. அதான்."

அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "வரேண்ணா" என்றது. ஸ்கூட்டர் முதலில் கிளம்பவில்லை. உதைத்துக் கிளப்பிப் போனது.

அந்த மாதக் கடைசியில் சாரை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்தேன். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த மயிலாப்பூர் பொண்ணு மூடிட்டேன்னு மெயில் போட்டிருக்குப்பா. அவசரப்பட்டுடுச்சு. நல்ல கம்பெனி. கொஞ்சம் பொறுத்திருந்தா போட்டிருப்பேன்."

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"திரும்பிப் போறப்ப உங்கிட்ட எதாவது சொல்லிச்சா?"

"இல்ல சார்."

நிஜமாகவே போட்டிருப்பாரா, இல்லை கம்பெனி மூடிய பிறகு எல்லாரையும் பற்றி இப்படித்தான் சொல்வாரா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. அப்போது கேட்டிருக்கலாம். கேட்டாலும் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டார்.