ஓரம் வெட்டிய தொடர்கதை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, மனதுக்கு நெருக்கமான ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதும்படி தங்கள் நூலகத்திலிருந்து கேட்டிருந்தீர்கள். கடையில் விற்கும் புத்தகங்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. மன்னார்குடிப் பக்கத்து வீடுகளில் பெண்கள் தாமே சேர்த்து உண்டாக்கிய புத்தகங்களுள் ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வாரப் பத்திரிகை வந்தவுடன் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து அடுக்கி வைப்பார்கள். கதை முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்தால், நூலால் தைத்து, பசை தடவி, அட்டையும் முதுகுக்குத் துணியும் ஒட்டித் தருவார்கள். பின்பக்கத்தில் பாதிச் சமையல் குறிப்பும் தைல விளம்பரமும் இருக்கும். யாரும் குறை சொன்னதில்லை. அந்தப் புத்தகம் தெரு முழுவதும் சுற்றி வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் துபாய்க்குப் போனேன். ஒரே அறையில் பலர் தங்கியிருந்தோம். யாருக்குக் கடிதம் வந்தாலும் எல்லோரும் கேட்க உரக்கப் படிப்பது அங்கே வழக்கம். இதை நான் விளையாட்டாகச் சொல்லப்போக, என் மனைவி அதன்பின் கடிதத்தில் நெல்லையும் மாடுகளையும் தவிர எதையும் எழுதவில்லை. எனக்கென்று சொல்ல விரும்பியதைத் தொடர்கதைப் பக்கங்களின் கீழ் ஓரத்தில் வாரந்தோறும் பென்சிலால் இரண்டிரண்டு வரியாக எழுதிவந்தாள். கதை முடிந்ததும் பைண்டிங் செய்து, துபாய்க்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவது அவள் எண்ணம்.

பைண்டிங் கடைக்காரரிடம் இதைச் சொல்ல அவளுக்கு வெட்கம். அவரோ தைத்து முடித்தபின், வழக்கப்படி மூன்று ஓரங்களையும் சமமாக வெட்டிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தெருமுனைப் பூத்துக்கு நான் போன் செய்தபோது அழாக்குறையாகப் பேசினாள்.

“‘ஏண்ணே, எழுதியிருந்தது கண்ணுல படலியா’ன்னு கேட்டேங்க. ‘பட்டுச்சு தங்கச்சி, பால் கணக்குன்னு நெனச்சேன்’ங்கிறாரு!”

“சரி, என்னதான் எழுதின? இப்பச் சொல்லு.”

“நல்லா இருக்கே! பூத்துல நாலு பேரு நிக்கிறாங்க. ஊருக்கு வாங்க, சொல்றேன்.”

புத்தகம் வந்து சேர்ந்தது. கதையை நான் படிக்கவேயில்லை, ஓரங்களைத்தான் படித்தேன். ஒவ்வொன்றிலும் மேல் வரி மட்டும் மிஞ்சியிருந்தது. ‘வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நீங்கள்’ என்று ஒன்று. ‘நடவு முடிந்து திரும்பும்போது உங்களை’ என்று இன்னொன்று. மீதியை நானே பலவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எதுவும் அவள் பேச்சாக இல்லை.

விடுமுறையில் வந்ததும் புத்தகத்தை அவள் முன் விரித்தேன். சிலவற்றைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நடவைப் பற்றிய வரி வந்தபோது நிறுத்திவிட்டாள்.

“மறந்துபோச்சுங்க.”

“பொய் சொல்லாத.”

“நெசமாத்தான். நீங்க இல்லாதப்ப இருந்த மனசு, பக்கத்துல உக்காந்திருக்கையில எப்படிங்க வரும்?”

அன்று எனக்கு அந்தப் பதிலே போதுமாயிருந்தது. மேற்கொண்டு கேட்காமல் விடுமுறை முடிந்து திரும்பினேன்.

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன்; அவள் காலமாகிவிட்டாள். சம்பா நடவு முடிந்து பெண்கள் வரப்பில் பேசிக்கொண்டு போகும் வேளையில் வாசலுக்கு வந்துவிடுகிறேன். அவள் சொன்ன அந்த மனம் இன்று எனக்கு இருக்கிறது. ‘உங்களை’ என்பதற்குப் பிறகு என்ன எழுதினாள் என்பது மட்டும் தெரியவில்லை.

பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். அந்தப் புத்தகம் அவர்களுக்குப் பழுப்பேறிய பத்திரிகைத் தாளாகத்தான் தெரியும். ஆகவே இதைத் தங்களுக்கு எழுதினேன். தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.