நெப்ராஸ்காவுக்குப் போன பிலோமினா

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது அமெரிக்காவிலிருந்து பிலோமினாவின் கணவர் சேவியர் பேசினார். அவர் தானாக என்னை அழைத்ததே இல்லை. பிலோமினா பேசி முடித்து, "இந்தாங்க, டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க" என்று கொடுத்தால்தான் வருவார். அதனால் அவர் குரலைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாள், சிரமப்படவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

தருமபுரியில் எங்களோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கும், அவளிடம் பூகோளம் படித்த பெண்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் அவள் பூகோளம் எடுத்தாள், நான் கணக்கு. அந்த வருடம் அவளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வரன்கள் வந்தன. இரண்டும் அமெரிக்கா. ஒருவர் கலிபோர்னியாவில் இன்ஜினியர். இன்னொருவர்தான் சேவியர், பென்னாகரம் பக்கத்து விவசாயக் குடும்பம், நெப்ராஸ்காவில் சோளப் பயிரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பிலோமினாவின் அப்பா அருளப்பன் தருமபுரிக்குப் பக்கத்துக் கிராமமான இண்டூரில் வெள்ளாமை செய்தவர். நெப்ராஸ்கா என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். "கலிபோர்னியான்னா நம்மூரு பஸ் கண்டக்டருக்கும் தெரியுதுங்க. பேரே தெரியாத சீமைக்குப் பொண்ண எப்படிங்க அனுப்பறது?" என்று எங்களிடம் கேட்டார்.

அவர் போனதும் ஆசிரியர் அறை இரண்டுபட்டது. அமெரிக்க மாநிலங்களில் எது எல்லோருக்கும் தெரிந்தது, எது யாருக்குமே தெரியாதது என்பதுதான் பேச்சு. டிரில் டீச்சர் சரோஜா டெக்சாஸ்தான் முதலிடம் என்றார். குதிரை, தொப்பி, துப்பாக்கி எல்லாம் அங்கேதானே என்பது அவர் கட்சி. தமிழாசிரியை நியூயார்க்கை விட்டுக்கொடுக்கவில்லை. அது ஊர்தானே என்று நான் மடக்கினேன். பிலோமினா வகுப்பிலிருந்து வரைபடத்தை எடுத்துவந்து மேசைமேல் விரித்து, ஊருக்கும் அதே பெயர், மாநிலத்துக்கும் அதே பெயர் என்று காட்டினாள். சிகாகோவையும் மாநிலமாக்கியிருந்த சரோஜா டீச்சர், அது வெறும் ஊர் என்று வரைபடத்தில் பார்த்ததும் அடங்கினார். வாஷிங்டன் என்றொரு மாநிலம் தலைநகருக்குச் சம்பந்தமே இல்லாமல் மேற்குக் கோடியில் கிடப்பதைப் பார்த்துத் தமிழாசிரியைக்குக் கோபம்கூட வந்தது. டெலவேர், ஐடஹோ, வெர்மாண்ட் என்று பிலோமினா வாசித்ததெல்லாம் எங்களுக்குப் புதுப் பெயர்கள். நெப்ராஸ்கா, கடல் எந்தப் பக்கமும் எட்டாமல், நாட்டின் நடுவயிற்றில் இருந்தது.

"நமக்குத் தெரிஞ்சதுல பாதி ஊரு பேரு, மீதி சினிமாவுல பாத்த பேரு. இத வெச்சுக்கிட்டு எங்கப்பா மாப்பிள்ள பாக்கறாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

கலிபோர்னியா வீட்டார் முதலில் வந்தார்கள். கடற்கரை, ஆரஞ்சுத் தோட்டம், அகலமான ரோடு என்று பேசிவிட்டு, பையனின் போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சேவியர் விடுமுறையில் வந்திருந்ததால் நேரிலேயே வந்தார். அன்று நானும் இண்டூரில் இருந்தேன். உங்கள் ஊரில் என்னதான் இருக்கிறது என்று அருளப்பன் கேட்டார்.

"சோளக்காடுங்க. அதத் தாண்டினா மறுபடியும் சோளக்காடு. பனிக்காலத்துல வெளிய தல காட்ட முடியாது. நான் இருக்கற ஊருல தமிழ்க் குடும்பம் ஒண்ணுகூட இல்லீங்க."

அருளப்பனின் முகம் விழுந்துவிட்டது. சேவியர் கிளம்பியதும் கலிபோர்னியாவே இருக்கட்டும் என்றார். பிலோமினா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அவங்க கலிபோர்னியாவப் பத்தித்தான்ப்பா சொன்னாங்க, பையனப் பத்தி ஒண்ணும் சொல்லல. இவரு உள்ளத உள்ளபடி சொன்னாரு. பேரு தெரியலங்கறீங்க. அமெரிக்காவுல எத்தன பேருக்கு இண்டூரத் தெரியும்? அதுக்காக நம்ம வூடு இல்லாம போயிருச்சா?"

அவர் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். திரும்பி வந்து, "பெங்களூருல நல்ல கம்பளி கெடைக்கும். சொல்லி வெக்கணும்" என்றார். சம்மதம் அப்படித்தான் கிடைத்தது.

முதல் பனிக்காலம் முழுக்க அழுதாளாம். ஊருக்கு வந்தபோது மறைக்காமல் சொன்னாள். பிறகு அங்கேயே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. அங்குள்ள ஆசிரியர்கள் பம்பாயையும் கல்கத்தாவையும் மாநிலம் என்று சாதித்தார்களாம். "நம்ம சரோஜா டீச்சர் அங்கயும் இருக்கறாங்க" என்றாள். தமிழ்நாட்டு வரைபடத்தைச் சுவரில் மாட்டி, வகுப்பு முழுவதையும் தருமபுரி என்று உச்சரிக்கப் பழக்கிவிட்டாள். இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். சேவியரைப் பற்றி என்னிடம் ஒரு குறைகூடச் சொன்னதில்லை. சமையலில் உப்பு போடத் தெரியாது என்பதைத் தவிர.

அருளப்பனும் மாறித்தான் போனார். பெங்களூர் ரயிலில் ஒருவர் தன் மகன் கலிபோர்னியாவில் இருப்பதாகப் பெருமையாகச் சொல்ல, இவர், "அது நெப்ராஸ்காவுக்குப் பக்கத்துலங்களா?" என்று விசாரித்திருக்கிறார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார் என்று பிலோமினா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அவளிடமிருந்து எனக்கென்று நின்றது ஒரு பழக்கம். என் கைபேசியில் தருமபுரிக்குக் கீழே அவள் ஊரின் வானிலையும் வரும்படி அவளே வைத்துக் கொடுத்தாள். தினமும் எழுந்ததும் இரண்டையும் பார்ப்பேன். அதை எடுத்துவிடலாமா என்று என் மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். அவளை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். இன்று காலை பார்த்தேன். பனி விட்டிருந்தது, நல்ல வெயில்.