நகராத திட்டு

ஹவுராவில் லோக்கல் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தேன். டிஜிட்டல் கேமரா என் கைக்கு எட்டிய புதிது. கல்கத்தா வானத்தில் நிலாவைத் தவிர உருப்படியாக எதுவும் தெரியாது. அதனால் லீவு கிடைத்தால் இரவு வானத்தைப் படம் பிடிக்க, விளக்கு வெளிச்சமில்லாத புருலியா பக்கம் ஓடிவிடுவேன். “கோயிலுக்குப் போக லீவு கேட்டா கிடைக்காது, இருட்டைப் படம் பிடிக்க மட்டும் கிடைக்கும்” என்பாள் மனைவி.

படம் எடுப்பது பாதி வேலைதான். மீதி வீட்டுக் கம்ப்யூட்டரில். வானத்தை வெள்ளையாகவும் நட்சத்திரங்களைக் கறுப்பாகவும் மாற்றிப் போட்டுக்கொண்டு, ரப்பரால் சரியாக அழியாத பென்சில் கறை மாதிரி ஏதாவது திட்டு தெரிகிறதா என்று தேட வேண்டும். தெரிந்தால் அநேகமாக அது ஒரு கேலக்ஸி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கன்னி ராசிப் பக்கம் எடுத்த படத்தைத் திறந்தேன். பார்த்த இடத்திலெல்லாம் ஒரு திட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே கேலக்ஸிகள் கூட்டமாக இருக்கும்தான், ஆனாலும் இவ்வளவா?

சந்தேகம் வந்தால் திரையில் படத்தை நகர்த்திப் பார்ப்பது என் வழக்கம். வானத்தில் இருப்பது நட்சத்திரங்களோடு சேர்ந்து நகரும், திரையில் ஒட்டிய தூசி நகராது. நகர்த்தினேன். நட்சத்திரங்கள் போயின, திட்டு நின்றது. திரையைத் துடைத்தேன். போகவில்லை. எரிச்சலோடு சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். தேதிக்கு மேல் அதே திட்டு.

இடது கண்ணை மூடினேன், இன்னும் கறுத்தது. வலது கண்ணை மூடினேன், காணவில்லை. கோளாறு என் வலது கண்ணில். மறுநாள் விடியற்காலை டியூட்டி. சிக்னலைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். கண் போனால் வண்டியும் போய்விடும்.

மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். “இன்னொரு கண்ணு நல்லாத்தானே இருக்கு, சமாளிச்சுக்கலாம்” என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் முறைத்தாள்.

“உங்க வண்டியில ஏறுறவங்ககிட்ட இதைச் சொல்லிட்டு எடுப்பீங்களா?”

ஆபீஸுக்குத் தகவல் சொல்லிவிட்டு, மறுநாள் காளிகாட்டில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது என்றார். “என்ன வேலை, தாதா?” என்று வங்காளியில் அண்ணன் முறை வைத்துக் கேட்டார். சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்போதுதான் மிகவும் பயந்தேன்.

நீர் வற்றப் பல மாதங்கள் ஆயின. திட்டு மங்கியதே தவிர முழுதாகப் போகவில்லை. ரயில்வே கண் பரிசோதனையில் தேறவில்லை. வண்டியை வாங்கிக்கொண்டு ஆபீஸ் நாற்காலி கொடுத்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதற்குப் பழக வெகுநாள் பிடித்தது.

கேலக்ஸி தேடும் வேலை மனைவிக்குப் போனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவேன். ஒரு நாள் மத்தியானம் அவள் திரையில் விரல் வைத்தாள்.

“இதோ, இங்க ஒண்ணு இருக்கு.”

நல்ல கண்ணால் உற்றுப் பார்த்தேன். அங்கே எனக்கு எதுவுமே தெரியவில்லை. அவள் கண்ணிலுமா?

“படத்தை நகர்த்து” என்றேன்.

“ஏன் கத்துறீங்க?”

“நகர்த்தும்மா!”

நகர்த்தினாள். நான் திரையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நட்சத்திரத்தோட சேர்ந்து அதுவும் போகுதுங்க” என்றாள்.